பட்டாணியில் ஏறாத சொல்

ஓடுகிற பேருந்தின் பக்கவாட்டில் தமயந்தி ஓங்கி அறைந்தாள்.

"நிறுத்துங்க! நிறுத்துங்கன்னா!"

மின்சாரப் பேருந்து. நகர்வதே தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து பிரேக்கை மிதிக்க, நின்றுகொண்டிருந்தவர்கள் மொத்தமாக முன்னால் சாய்ந்து மொத்தமாகத் திட்டினார்கள். தமயந்தி படியில் தொற்றி ஏறினாள். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், நீலச் சட்டை.

"சோமு!"

திரும்பியது வேறு முகம். வாயில் முறுக்கு.

"என்ன மேடம், பஸ்ஸை நிப்பாட்டித்தான் பேர் வச்சுப் பாப்பீகளா?" என்றார் நடத்துநர்.

"மன்னிச்சிருங்க."

இறங்கினாள். முழங்கால் வலித்தது. காலையிலிருந்து இது எட்டாவது பேருந்து, எட்டாவது மன்னிப்பு. மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தின் கடிகாரம் ஒன்று ஐம்பது என்றது.

நடைமேடையில் தலைமைக் காவலர் பேச்சியம்மாள் ஒரு தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். பணி ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம் என்பதைச் சந்தித்த முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டவர்.

"குடிங்க டீச்சர் மொதல்ல. நீங்க விழுந்தா உங்களையும் சேத்து நான்தான் தேடணும்."

தமயந்தி குடித்தாள்.

"இருபத்தாறு வயசு ஆம்பளை. காலையில வேலைக்குக் கெளம்பினவர் போய்ச் சேரல. எங்க இன்ஸ்பெக்டர் என்ன சொல்றாருன்னா, பொழுது சாயிற வரைக்கும் பொறுத்துப் பாக்கலாமாம்."

"மூணரைக்கு மேல பொறுக்க முடியாது ஏட்டம்மா."

"அதென்ன கணக்கு, மூணரை?"

நிழலுக்கு நகர்ந்தார்கள். தமயந்தி இந்த விளக்கத்தை இருபது வருடத்தில் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாள். வாய் தானாகச் சொன்னது.

"நம்ம ஒரு கடையில பால் வாங்கப் பழகிட்டா எல்லாக் கடையிலயும் வாங்கிருவோம்ல? சோமுவுக்கு அப்படி இல்ல. அவருக்கு ஆட்டிசம். எங்க நடைவண்டி இல்லத்துல பயிற்சிக்குன்னு ஒரு சின்னக் கடை வச்சிருக்கோம். அங்க ரெண்டே மாசத்துல பால் வாங்கக் கத்துக்கிட்டாரு. அவங்க தெருக் கடைக்குக் கூட்டிட்டுப் போனா, சுவர் மாதிரி நிக்கிறாரு. அங்க மேஜை நீலம், இங்க பச்சை. அங்க கல்லாவுல நான், இங்க ஒரு மீசைக்காரர். அவருக்கு இது வேற வேலை. வேற ஊரு."

"அடப் பாவமே. அப்ப கடைக்குக் கடை புதுசாவா சொல்லிக் குடுப்பீக?"

"முன்னாடி அப்படித்தான் குடுத்தோம். ஒரு ஆளுக்கு ஒரு ஆயுசு ஆகும். இப்ப பட்டாணி வந்துருச்சு."

"என்ன வந்துருச்சு?"

"அதுக்குக் கம்பெனி வச்ச பேரு வாயில நுழையாது. நாங்க பட்டாணிம்போம். அந்த சைஸுதான். காதுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கும். போற இடத்தை அது பாக்கும், கேக்கும். 'இதுவும் அந்த நீல மேஜைக் கடைதான்'னு மூளையில ஒரு தட்டு தட்டும். உடனே அந்த இடம் அவருக்குப் பழகின இடமாயிரும். கத்துக்கிட்டது தானா வரும். ரெண்டரை வருஷமாச்சு. இப்ப தனியா பஸ் ஏறுறாரு, ரொட்டிக் கம்பெனியில பாக்கெட் போடுறாரு."

"நல்லதுதான?"

"நல்லதுதான். பத்து மணி நேரம் சார்ஜ் நிக்கும். இன்னைக்கு அஞ்சரைக்கு மாட்டியிருக்காரு."

பேச்சியம்மாள் விரல் விட்டு எண்ணவில்லை. "தீந்துபோச்சுன்னா?"

"நின்ன இடம் அந்த நொடியே அந்நியமாயிரும். எங்ககிட்ட வந்த ஒரு பொண்ணுக்கு ஆத்துப் பாலத்து மேல நின்னுபோச்சு. காதைப் பொத்திக்கிட்டு ஓடுச்சு. எதிர்ல டேங்கர் லாரி."

பேச்சியம்மாள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். 

"ஆளு எங்கன்னு அது காட்டாதா?"

"காட்டக் கூடாதுன்னு சட்டம். மூளையைத் தொடுற எதுவும் ஆளைப் பத்தித் துப்புக் குடுக்கக் கூடாதாம். நூறு மீட்டருக்குள்ள வந்தா மட்டும் என் போன்ல பச்சையா ஒரு புள்ளி வரும்."

"நல்ல சட்டம்தான்," என்றார் பேச்சியம்மாள். கேலியா இல்லையா என்று கண்டுபிடிக்கத் தமயந்திக்குத் தெம்பில்லை.

கைபேசி அடித்தது. சோமுவின் அம்மா இந்திராணி. தையல் ஆலையில் பாதி வேலையில் எழுந்து, பெரியார் நிலையம் பக்கம் தேடிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்?"

"இன்னும் இல்லக்கா. நீங்க கெளம்பி இங்க வந்துருங்க. டவுன் பஸ் கண்டக்டரைப் பிடிச்சோம். சோமு ஆறேமுக்காலுக்கு இங்கதான் இறங்கியிருக்காரு."

"அவன் இறங்க வேண்டிய ஸ்டாப்பு அது இல்லையே டீச்சர்."

"ஒரு அம்மா 'தம்பி, இந்த மூட்டையைக் கொஞ்சம் இறக்கிக் குடுப்பா'ன்னு கேட்டாங்களாம். இறங்கி இறக்கிக் குடுத்துருக்காரு. பஸ் போயிருச்சு."

 தொடர்பு அறுந்தது.

ஆறாவது நடைமேடைத் தேநீர்க் கடைக்காரர் கைபேசியில் சோமுவின் படத்தைப் பார்த்ததும் தலையாட்டினார்.

"அட, இந்தப் பிள்ளையா! சூட்கேஸ் பக்கத்துல நின்னாரே."

"யாரு சூட்கேஸ்?"

"எவரோ ஒரு வெளியூர்க்காரரு. 'தம்பி, பாத்துக்க, அஞ்சு நிமிசம்'னு விட்டுட்டுப் போனாரு. வந்தது ஒம்பது மணிக்கு. இவரு அசையலையே! வெயிலு மூஞ்சில அடிக்குது, ஒரு அடி தள்ளி நிக்கணுமே. நிக்கலை. நான்கூட, சும்மா நிக்கிறாரேன்னு, இந்த டம்ளரைக் கழுவிக் குடுங்க தம்பின்னேன். கழுவிக் குடுத்தாரு."

"அப்புறம்?"

கடைக்காரர் பால் சட்டியைத் தேவையில்லாமல் கிண்டினார்.

"அப்புறம் இன்னுங் கொஞ்சம் கழுவச் சொன்னேன்."

"எவ்வளவு?"

"இருந்ததெல்லாம்." நிமிர்ந்தார். "தங்கமான பிள்ளைங்க. மொகத்துல ஒரு சுளிப்பு இல்ல. எதுக்கும் மாட்டேன்னே சொல்லலை."

"எங்க போனாரு?"

"வெங்காய மண்டி ஆளு ஒருத்தன் டீ குடிக்க வந்தான். 'நல்லா கழுவுறியே, மூட்டை தூக்குவியா?'ன்னான். பின்னாலயே போயிட்டாரு."

பேருந்து நிலையத்துக்கும் காய்கறிச் சந்தைக்கும் நடுவில் ஒரு சாலைதான். ஆனால் சந்தைக்குள் வெங்காயம் மட்டும் மூன்று வரிசை. முதல் வரிசையில் பாதி கடந்ததும் தமயந்தி நின்றாள். கைபேசியைத் திறந்தாள். பச்சைப் புள்ளி இல்லை. அவள் தேடியதும் அதை அல்ல. சோமுவின் திறமைப் பட்டியலை.

நாற்பத்தொன்று இருந்தன. பால் வாங்குதல். சாலை கடத்தல். வரிசையில் நிற்றல். கொடுத்த வேலையை முடித்தல். கூப்பிட்டால் வருதல். கத்தாமல் இருத்தல். மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தாள். கீழிருந்து மேலே ஒருமுறை.

"என்ன டீச்சர், மயக்கம் வருதா?"

"இல்ல ஏட்டம்மா. 'வேண்டாம்'னு சொல்றது இதுல இல்ல."

"எதுல?"

"பட்டாணியில. நாங்க ஏத்தினது மட்டுந்தான் அதுல இருக்கும். எதை ஏத்துவோம்னா, மூணு நாள் தொடர்ந்து பிளஸ் வாங்குனதை. தாள்ல கட்டம் போட்டு வச்சிருப்போம். பிளஸ், மைனஸ். பாத்திரம் கழுவச் சொல்லி கழுவினா பிளஸ். 'வேண்டாம்'னு கையைத் தட்டிவிட்டா?"

"மைனஸா?"

"மைனஸ். வேலை முடியலைல்ல. அந்தத் தாளை வரைஞ்சது நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி. பயிற்சிக்கு வந்தவங்க வேண்டாம்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் மைனஸ் போட்டேன். எத்தனை ஆயிரம் மைனஸ் போட்டேனோ. வேண்டாம்னு சொல்றதும் ஒரு திறமைன்னு அதுக்கு ஒரு கட்டம் போடத் தோணவே இல்ல."

பேச்சியம்மாள் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "அதை நீங்க சொல்லிக் குடுத்துதான் வரணுமா? பச்சப்புள்ளைகூட மாட்டேங்குமே."

"சோமுவும் சொன்னவருதான். கத்துவாரு. கையைக் கடிச்சுக்குவாரு. அதுதான் அவரு பாஷையில வேண்டாம். கத்தாமல் இருத்தல்னு ஒரு திறமையை ஏத்தி அதையும் வாங்கிட்டோம். பதிலுக்கு ஒண்ணும் குடுக்கல." அவள் கைபேசியை மூடினாள். "போற இடமெல்லாம் எங்க வகுப்பறை அவருக்கு. சொல்ற எல்லாரும் டீச்சர்."

"நடங்க," என்றார் பேச்சியம்மாள். "அழறதை அப்புறம் வச்சுக்கலாம். மணி ரெண்டு நாப்பது."

மூன்றாவது வரிசையின் கடைசி மண்டி. மேற்பார்வையாளர் பாண்டிச்செல்வம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். காக்கியைப் பார்த்ததும் எழுந்தார்.

"அந்த ஊமைப் பையனா? ஊமை இல்ல, முக்கால்வாசி சரி சரின்னுதான் சொல்லுவான். அக்கா, அப்படி ஒரு உழைப்பாளியை நான் பாத்ததில்ல. ஒம்பதரைக்கு ஆரம்பிச்சான். நம்ம ஆளுக நாலு பேரு பீடி குடிக்க உக்காந்தானுக, இவன் உக்காரலை. ஏன்டா உக்காரலைன்னா, உக்காருன்னு யாரும் சொல்லலையாம். சிரிச்சு உருண்டோம்."

"தண்ணி குடிச்சாரா?" என்றாள் தமயந்தி.

"அவன் கேக்கலையே."

"சாப்பிட்டாரா?"

"கேட்டாத்தானே மேடம் தெரியும்?" பாண்டிச்செல்வத்தின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "ஏன்? என்ன ஆச்சு?"

"இப்ப எங்கய்யா ஆளு?" பேச்சியம்மாளின் குரல் மாறிவிட்டிருந்தது.

"லாரியில. ஒட்டன்சத்திரத்துல லோடு ஏத்த ஆள் பத்தலைன்னு... ஏறுன்னேன், ஏறிட்டான். அதோ, இப்பத்தான் கெளம்புது."

தமயந்தியின் கையில் கைபேசி அதிர்ந்தது. பச்சைப் புள்ளி. அதன் பக்கத்தில் ஒரு எண். ஐந்து சதவீதம்.

ஓடினார்கள். சந்தையின் பின்வாசலில் லாரி திரும்பிக்கொண்டிருந்தது. காலி வண்டி. பின்பலகைக்கு மேலே நீலச் சட்டை தெரிந்தது. சோமு பலகையைப் பிடித்தபடி நின்றிருந்தான். முகத்தில் எதுவும் இல்லை. வாசலைத் தாண்டியதும் லாரி வேகம் பிடித்தது.

"தம்பி!" தமயந்திக்கு முன்னால் ஓடிய பேச்சியம்மாள் முழு மூச்சில் கத்தினார். "எறங்குப்பா! எறங்கு!"

"ஐயோ, சொல்லாதீங்க!"

அதற்குள் சோமு காதில் விழுந்துவிட்டது. அவன் அவர்கள் பக்கம் பார்த்தான். பலகை மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டான். நிதானமாக, வகுப்பில் செய்வது போலவே, கைப்பிடி தேடினான். இன்னொரு காலும் வெளியே வந்தது. கீழே தார்ச் சாலை ஓடிக்கொண்டிருந்தது.

"சோமு, உக்காரு! உள்ளே உக்காரு!"

தன் குரல்தானா என்று தமயந்திக்கே சந்தேகம் வந்தது. சோமுவின் கால் அந்தரத்தில் நின்றது. அவன் யோசிக்கவில்லை. எது கடைசியாகச் சொல்லப்பட்டதோ அதைச் செய்தான். காலை உள்ளே எடுத்தான். பலகைக்குப் பின்னால் மறைந்தான்.

பேச்சியம்மாள் சாலை நடுவே இறங்கி, லாரிக்கு எதிரே வந்துகொண்டிருந்த ஆட்டோவுக்குக் கை காட்டிக் கூவி, அதை லாரிக்குக் குறுக்கே நிறுத்த வைத்தார். இருபது அடி தள்ளி லாரி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து, காக்கியைப் பார்த்து வணக்கத்தில் முடித்தார்.

நான்கு சதவீதம். தமயந்தி லாரியில் ஏறி, கைப்பையிலிருந்த சார்ஜர் வில்லையைச் சோமுவின் காதுக்குப் பின்னால் ஒட்டினாள். எண் நின்றது. பிறகு மெல்ல ஏறியது. அவன் வெங்காயத் தோல்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். உதடுகள் வெடித்திருந்தன. இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"சோமு, வலிக்குதா?"

"சரி டீச்சர்."

"தண்ணி வேணுமா?"

"சரி."

"இதே லாரியில ஒட்டன்சத்திரம் போறீங்களா?"

"சரி."

தமயந்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள். "குடிங்க," என்றாள். குடித்தான். நிறுத்தச் சொல்ல ஆள் வேண்டும் என்று அவளுக்கு உறைத்தபோது பாட்டில் காலியாகி, அவன் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

சந்தைக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. அதன் வாசல் பெஞ்சில் சோமுவை உட்கார வைத்து, உள்ளங்கைகளைக் கழுவிக் கட்டுப் போட்டார்கள். பாண்டிச்செல்வம் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

"யாரு மேல கேஸ் எழுத டீச்சர்?" பேச்சியம்மாள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மூட்டை இறக்கிக் குடுப்பான்னு ஒருத்தி. பெட்டியப் பாத்துக்கன்னு ஒருத்தன். டம்ளர், வெங்காயம். ஆளுக்கு ஒரு ஒத்தாசைதான் கேட்டிருக்காங்க. நானும் ஒண்ணு கேட்டேன், எறங்குன்னு. என் பேரையும் எழுதவா?"

"எழுதுறதா இருந்தா மொதல்ல என் பேரை எழுதுங்க."

பேச்சியம்மாள் நோட்டை மூடினார். இன்ஸ்பெக்டருக்குத் தகவல் சொல்ல எழுந்து போனார்.

இந்திராணி ஆட்டோவிலிருந்து இறங்கியபோது புடவை முழுக்க நூல்துணுக்குகள். ஐம்பது வயதுக்கு அவள் நடை அறுபதாய் இருந்தது. பெஞ்சருகே வந்தவள் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தாள்.  குனிந்து மகனைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். தலையில் முகத்தை வைத்து அழுத்தினாள். சோமு தொங்கவிட்ட கைகளோடு, தோள்கள் இறுகிக் காதுவரை ஏறியபடி, அசையாமல் இருந்தான். அவன் விழிகள் எதிர்ச்சுவரிலிருந்த விளம்பரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

தமயந்தி பார்வையை எடுத்துக்கொண்டாள்.

அவன் சாப்பிடத் தொடங்கியதும் இருவரும் கொஞ்சம் தள்ளி, படியில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு நடந்ததுக்கு அவரை வேலை வாங்கினவங்க யாரும் காரணமில்ல. நான்தான்."

இந்திராணி திரும்பிப் பார்த்தாள். தமயந்தி எல்லாவற்றையும் சொன்னாள். தாள், கட்டம், பிளஸ், மைனஸ். நாற்பத்தொன்றில் இல்லாமல் போன ஒன்று. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. அதற்கும் சேர்த்துக் களைத்துப்போயிருந்தாள்.

"சொல்லிக் குடுக்க ஒரு மாசம் ஆகும். அவருக்குச் சீக்கிரமே வந்துரும்க்கா. அப்புறம் பட்டாணியில ஏத்திரலாம். பிடிக்காததைப் பிடிக்கலேன்னு எங்க போனாலும் சொல்லுவாரு. யார்கிட்டயும் சொல்லுவாரு. காப்பாளர்ங்கிற முறையில நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடணும்."

இந்திராணி புடவையிலிருந்து ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"என் மேல கோபமா இருந்தா திட்டிருங்கக்கா."

"உங்களை எதுக்குத் திட்டப் போறேன்." அவள் குரல் கரகரத்தது. "ஒரு மாசமெல்லாம் ஆகாது டீச்சர். அவனுக்கு அது தெரியும்."

"எது?"

"வேண்டாம்னு சொல்ல. போன வருசம் உங்களுக்கு ஆபரேசன் ஆகி நாலு மாசம் வராம இருந்தீங்களே. உங்க எடத்துக்கு ஒரு சின்ன வயசு டீச்சரு வந்துச்சு. அதுதான் சொல்லிக் குடுத்துச்சு. மூணு நாளும் பிளஸ்ஸு. ஏத்திட்டாங்க."

"பட்டியல்ல இல்லையேக்கா!"

"எடுத்துட்டா இருக்காதாமே."

தமயந்தி பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். பெஞ்சில் சோமு ஒவ்வொரு பருக்கையாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பொறந்ததுல இருந்து அவன் என்னைத் தொட விட்டதில்ல டீச்சர். பாலு குடுக்கையிலயே வெறைச்சுக்குவான். பக்கத்துல போனாக் கத்துவான். இருபத்துமூணு வருசம். பட்டாணி மாட்டின அன்னைக்கு, பயந்து பயந்து கேட்டேன். அம்மா கட்டிப் பிடிச்சுக்கவா சாமின்னு. சரின்னான். அப்புறம் தெனமும் வேலைக்குப் போயிட்டு வந்து ஒரே ஒரு தடவை. அது போதும் எனக்கு. எத்தனை துணி தைக்கச் சொன்னாலும் தைப்பேன்."

நூல் அறுந்தது.

"அதை ஏத்தின அன்னைக்கும் அப்படித்தான் கேட்டேன். என் மொகத்தைப் பாத்து, கோவமே இல்லாம, 'வேண்டாம்மா, எனக்குப் பிடிக்கல'ன்னான். எவ்வளவு அழகா சொன்னான் தெரியுமா. மறுநா விடிஞ்சதும் உங்க இல்லத்து ஆபீசு தெறக்கும் முன்னாடி போய் நின்னேன். அந்த ஒண்ணை மட்டும் எடுத்துருங்கன்னு நான்தான் டீச்சர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."